காப்பீடு இருந்தும் கையிலிருந்து எவ்வளவு போகும்? மூட்டு மாற்று அறுவை சிகிச்சை குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: என் தாயாருக்கு வயது 66. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்டதால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று திருச்சியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கூறியிருக்கிறார்கள். ஒரு காலுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆகும் என்றும், ரோபோ உதவியுடன் செய்தால் கூடும் என்றும் வாய்மொழியாகச் சொன்னார்கள். அம்மாவின் பெயரில் 5 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் மருத்துவக் காப்பீடு எடுத்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோய் இருப்பதை அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டோம். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பியின் அலுவலகக் குழுக் காப்பீட்டிலும் அம்மாவுக்கு 3 லட்சம் வரை உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் இதே சிகிச்சைக்குக் காப்பீடு இருந்தும் எண்பதாயிரம் ரூபாய் வரை கையிலிருந்து கட்டினார். எங்களுக்கு எவ்வளவு ஆகும்? அதை முன்கூட்டியே எப்படி அறிவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தெருக்காரருக்கு நேர்ந்த எண்பதாயிரம் உங்களுக்கும் நேருமா என்பது உங்கள் கவலை. ஆனால், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் வேறொரு விவரம்தான், காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்த என் கண்ணில் முதலில் பட்டது. பாலிசி எடுத்து இரண்டரை ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதே அது. எண்பதாயிரமா இருபதாயிரமா என்று கணக்குப் போடுவதற்கு முன், உங்கள் பாலிசி இந்தச் சிகிச்சைக்கு இன்றைய தேதியில் ஒரு ரூபாயாவது தருமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூட்டு மாற்று சிகிச்சை, கண்புரை, குடலிறக்கம் போன்ற சிலவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. விபத்தினால் தேவைப்பட்டால் மட்டுமே அதிலிருந்து விலக்கு. இந்தக் காலம் முன்பு 48 மாதங்கள் வரை இருக்கலாம் என்றிருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிமுறைகள் அதை அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைத்தன. சில நிறுவனங்கள் 24 மாதங்களே வைத்திருக்கின்றன. உங்கள் பாலிசியில் 24 என்று இருந்தால் அந்தத் தடை விலகிவிட்டது. 36 என்று இருந்தால், இப்போது சிகிச்சை செய்தால் முழுத் தொகையும் உங்களுடையது. ஆறு மாதங்கள் கழித்துச் செய்தால் பெரும்பகுதி நிறுவனத்தினுடையது. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் தனியாக ஓடும். சர்க்கரை நோயைத் தெரிவித்தது நல்லது. ஆனால் மூட்டு வலிக்குப் பாலிசி எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்திருந்து, அதை எழுதாமல் விட்டிருந்தால், சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. காப்பீட்டு முன் அனுமதிப் படிவத்தில், நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு. “ஆறு மாதமாகத்தான் வலி என்று எழுதிவிடுங்கள், டாக்டர்” என்று கேட்கும் குடும்பங்கள் ஏராளம். அப்படிச் சொல்லிக் கொடுக்கும் முகவர்களும் இருக்கிறார்கள். பழைய எக்ஸ்ரே ஒன்று, வெளிநோயாளிச் சீட்டு ஒன்று வெளியே வந்தால் போதும், அது மறைப்பாகக் கருதப்பட்டு, கோரிக்கையோடு பாலிசியும் ரத்தாகக்கூடும். பாலிசி தொடர்ந்து 60 மாதங்கள் ஓடிய பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, தகவல் விடுபட்டது என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் வரவில்லை என்பதால், உள்ளதை உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

இனி எண்பதாயிரத்துக்கு வருவோம். தெருக்காரரின் பில்லை நான் பார்க்கவில்லை. ஆயினும், காப்பீடு உள்ளவர்கள் கையிலிருந்து பெருந்தொகை கட்ட நேரும்போது, அதற்குக் காரணமாக நான் மிக அதிகமாகக் கண்டது அறுவை சிகிச்சையோ மருந்தோ அல்ல, அறை வாடகைதான். பாலிசிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளுடன் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியை அளவுகோலாக வைத்து விளக்குகிறேன். அதில் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆனால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இவற்றோடு, ஏற்கப்படும் தொகையில் 5 சதவீதத்தை நோயாளி ஏற்க வேண்டும். இதைக் கோ-பே என்பார்கள். மூத்த குடிமக்களுக்கென்றே விற்கப்படும் பாலிசிகளில் இது 20 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பதுண்டு.

வாடகை வரம்பு 5,000 என்றால், 8,000 ரூபாய் அறையில் தங்கினால் நாளுக்கு 3,000 கூடுதலாகக் கட்ட வேண்டும், ஐந்து நாளுக்குப் பதினைந்தாயிரம், அவ்வளவுதானே என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி முடிவதில்லை. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் அறையின் தரம் உயர உயர, அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, செவிலியர் ஆகிய கட்டணங்களும் உயரும். ஆகவே, வரம்பை மீறிய அறையை நீங்கள் தேர்ந்தெடுத்தால், இந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் நிறுவனம் குறைத்துக்கொள்ளலாம். விகிதாசாரக் கழிவு எனப்படும் இதுதான் பில்லின் கடைசிப் பக்கத்தில் குடும்பங்களைத் திகைக்க வைப்பது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த மருத்துவமனையின் கட்டணமும் அல்ல. 8,000 ரூபாய் அறையில் ஐந்து நாள்: வாடகை 40,000, நிபுணர்கள், அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 1,00,000, செயற்கை மூட்டு 75,000, மருந்தும் நுகர்பொருள்களும் 45,000, பரிசோதனைகள் 15,000, நடைச்சட்டம் (வாக்கர்), பதிவுக் கட்டணம் முதலியன 3,000. இவற்றோடு, தீவிர சிகிச்சைப் பிரிவு அல்லாத அறையின் வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால், அதற்கு 2,000. ஆக மொத்தம் 2,80,000 ரூபாய். இதில் வாடகையில் 15,000 வெட்டப்படும். வரம்பான 5,000-க்கும் வாடகையான 8,000-க்கும் உள்ள விகிதப்படி, நிபுணர் முதலிய கட்டணங்களில் எட்டில் ஐந்து பங்கே ஏற்கப்படும் என்பதால் 37,500 வெட்டப்படும். நுகர்பொருள்களில் கையுறை, முகக்கவசம் என ஒரு 8,000, நடைச்சட்டம் வகையறா 3,000, ஜிஎஸ்டி 2,000 ஆகியவையும் போக எஞ்சுவது 2,14,500. அதில் 5 சதவீதம் கோ-பே 10,725. நீங்கள் கட்ட வேண்டியது 76,225 ரூபாய்.

இதே மருத்துவமனையில் 5,000 ரூபாய் அறையை எடுத்திருந்தால்? வாடகை 25,000 ஆகும். நிபுணர் முதலிய கட்டணங்கள் 80,000 ஆகக் குறைவதாகக் கொள்வோம். மற்றவை மாறா, ஜிஎஸ்டி கிடையாது. மொத்தம் 2,43,000. ஏற்கப்படாத 11,000 போனால் 2,32,000; அதில் கோ-பே 11,600. கையிலிருந்து போவது 22,600 ரூபாய். அதாவது, வாடகையில் பதினைந்தாயிரம் மட்டுமே வேறுபடும் ஓர் அறைக்காகக் குடும்பம் கொடுக்கும் உண்மையான விலை 53,625 ரூபாய். உங்கள் தெருக்காரரின் எண்பதாயிரமும் இந்த வழியில்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விகிதாசாரக் கழிவுக்கும் எல்லை உண்டு. மருந்து, நுகர்பொருள், உடலில் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றின் மீது அதைச் செலுத்தக் கூடாது என்பது ஐஆர்டிஏஐயின் விதி. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்தின் மீதும் கூடாது. அறைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் கழிவே கூடாது. ஆகவே மருத்துவமனையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்பதல்ல, “என் பாலிசியின் வாடகை வரம்புக்குள் எந்த அறை இருக்கிறது, அந்த அறைக்கு மொத்தம் எவ்வளவு?” என்பதுதான். அன்றைக்கு அந்த அறை காலியில்லை, மேல் தர அறைதான் இருக்கிறது என்று சேர்க்கையின்போது சொல்வார்கள். திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்கு ஓரிரு நாள் காத்திருப்பதில் தவறில்லை. உடனே சேர வேண்டிய நிலை என்றால், வரம்புக்குட்பட்ட அறை காலியில்லாததால் மாற்று அறை தரப்பட்டது என்றும், வரம்புக்குட்பட்ட அறைக்கான கட்டணமே வாங்கப்படும் என்றும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்கப்படாத பொருள்கள் என்ற தலைப்பில் 68 இனங்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. மூட்டு மாற்று நோயாளிக்கு அதில் பல இனங்கள் பொருந்தும்: நடைக்கருவிகள், முழங்கால் பட்டை, கிரேப் கட்டு, கையுறை, முகக்கவசம், டயப்பர், உதவியாளர் கட்டணம், சிறப்புச் செவிலியர், நோயாளியின் உணவு நீங்கலான சாப்பாடு. தனித்தனியே சிறு தொகைகள்தாம். சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் செலுத்தினால் இவற்றையும் ஏற்கும் இணைப்பு உண்டு. வாக்கரும் முழங்கால் பட்டையும் வெளியே மருத்துவ உபகரணக் கடையில் மலிவாகவே கிடைக்கும். மருத்துவமனை பில்லில் அவற்றைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செயற்கை மூட்டு விஷயத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்ட் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்கப்பட்டு வந்த கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அந்த மாதத்தில் 54,720 ரூபாயை உச்சவிலையாக நிர்ணயித்தது. டைட்டானியம், ஆக்ஸிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600. ஜிஎஸ்டி தனி. இந்த விலைகளை ஆணையம் பின்னர் அவ்வப்போது நீட்டித்தும் திருத்தியும் வந்திருப்பதால், நடப்பு விலையை அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, இந்த விலை ஒரே பொருளின் விலை அல்ல, பாகங்களின் கூட்டுத்தொகை என்பது. 54,720 என்பது தொடையெலும்புப் பாகம் 24,090, கீழ்க்கால் எலும்பின் தட்டு 16,990, இடையில் வைக்கும் பகுதி 9,550, முழங்கால் சில்லுக்கான பாகம் 4,090 ஆகியவை சேர்ந்தது. எல்லா மருத்துவர்களும் எல்லா நோயாளிகளுக்கும் சில்லை மாற்றுவதில்லை. மாற்றாவிட்டால் அந்தப் பாகம் பில்லில் இருக்கக் கூடாது. மூட்டின் விலையை, தயாரிப்பாளர் பெயர், வணிகப் பெயர், தொகுதி எண் ஆகியவற்றுடன் பில்லில் தனியே காட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையிலேயே உள்ளது. எலும்பு சிமெண்ட், வெட்டும் பிளேடு போன்றவை இந்த உச்சவிலைக்குள் அடங்கா. அவற்றுக்குத் தனியே விலை போடுவார்கள். தங்க நிறப் பூச்சு கொண்ட மூட்டு என்று ஒன்றைப் பரிந்துரைத்தால், உங்கள் தாயாருக்கு உலோக ஒவ்வாமை போன்ற குறிப்பான காரணம் ஏதேனும் உண்டா என்று நிபுணரிடமே கேளுங்கள். விற்பனைப் பேச்சு பேசும் ஊழியரிடம் அல்ல.

ரோபோ உதவியுடன் செய்வதைப் பற்றிச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவ ரீதியாக அது தேவையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பணத்தைப் பொறுத்தவரை என் கருத்தைச் சொல்லலாம். ரோபோ அறுவை சிகிச்சையை நவீன சிகிச்சை முறைகளின் பட்டியலில் காப்பீட்டு ஒழுங்குமுறை சேர்த்திருப்பதால், அதை முற்றிலும் மறுக்க முடியாது. ஆனால் நிறுவனங்கள் வரம்பு வைக்கலாம். ஆரோக்கிய சஞ்சீவனியில் அந்த வரம்பு காப்பீட்டுத் தொகையில் பாதி. 5 லட்சம் பாலிசியில் இரண்டரை லட்சத்துடன் நின்றுவிடும். வேறு பாலிசிகளில் மொத்தச் செலவை ஏற்றுக்கொண்டு ‘ரோபோ கட்டணம்’ என்ற வரியை மட்டும் வெட்டுவதையும் பார்த்திருக்கிறேன். வழக்கமான முறையில் நன்கு தேர்ந்த கையுள்ள நிபுணர் கிடைக்கும்போது, காப்பீடு ஏற்குமா என்பது எழுத்தில் உறுதியாகாத நிலையில், இந்தக் கூடுதல் செலவுக்கு அவசரப்பட மாட்டேன்.

வாய்மொழியாகச் சொன்ன இரண்டரை லட்சத்தை ஒரு மதிப்பீடாகவே கருத வேண்டாம். மருத்துவமனையின் முத்திரையுடன் எழுத்து மதிப்பீடு கேளுங்கள். அது பேக்கேஜ் என்றால், எத்தனை நாள் தங்குவதற்கு, எந்த அறைக்கு, எந்த வகை மூட்டுக்கு என்பது அதில் இருக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணரும் உதவி அறுவை மருத்துவரும் அதற்குள் அடக்கமா, சர்க்கரை நோய்க்காகப் பொது மருத்துவர் வந்து பார்ப்பதற்கும் இதய நிபுணரின் ஆலோசனைக்கும் தனிக் கட்டணமா, ஒரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தால் எவ்வளவு, ரத்தம் ஏற்ற நேர்ந்தால் எவ்வளவு, உள்ளே தரும் இயன்முறை சிகிச்சை சேர்ந்ததா, புண் ஆறத் தாமதமாகி இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினால் நாளுக்கு என்ன கட்டணம் என்பவற்றையும் கேட்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் தங்கும் நாள்கள் நீள்வது இந்த வயதில் அரிதல்ல. ஆகவே கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விவரமான, இனவாரியான பில் பெறுவது நோயாளியின் உரிமை என்பதைத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் ஏற்கிறது. மருந்துகளை வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் அதில் உண்டு.

அந்த மருத்துவமனை உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும், இருந்தால் மூட்டு மாற்றுக்கு இருவருக்கும் இடையே ஒப்புக்கொண்ட கட்டணம் உண்டா என்பதையும், மருத்துவமனைக் கவுண்ட்டரில் மட்டுமின்றி நிறுவனத்திடமும் மின்னஞ்சலில் கேளுங்கள். ஒப்புக்கொண்ட கட்டணம் இருந்தால், அதற்கும் மேலான தொகையை உங்களிடம் வாங்குவதற்கு மருத்துவமனை தெளிவான காரணம் சொல்ல வேண்டும். உயர்ந்த வசதியை நானே கேட்டுப் பெற்றேன், வித்தியாசத்தைக் கட்டுகிறேன் என்ற வாசகம் கொண்ட தாளைச் சேர்க்கையின் பரபரப்பில் நீட்டுவார்கள். படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பணமில்லாச் சிகிச்சைக்கான (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) முதல் அனுமதியில் ஒரு லட்சம் என்று வந்தால் பதற வேண்டாம். அது தொடக்கத் தொகைதான், பில் முடிந்த பின் உயர்த்தி அனுமதிப்பார்கள். 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, முன் அனுமதிக் கோரிக்கை மீது ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும் நாளில் இறுதி அனுமதி மீது மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் தொகை கேட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். மருத்துவமனை முன்பணம் கேட்டால் ரசீது பெறுங்கள், திருப்பித் தரும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே சிகிச்சைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஆகவே நகை அடகு வைத்த பணத்தை அப்படியே கையில் கொண்டுபோய்ப் பயனில்லை. வங்கிக் கணக்கில் இருக்கட்டும்.

இனி, உங்கள் நிலைமையில் எனக்குச் சரியாகப் படும் வழியைச் சொல்கிறேன். அலுவலகக் குழுக் காப்பீடுகள் பெரும்பாலானவற்றில் காத்திருப்புக் காலம் விலக்கப்பட்டிருக்கும். ஆனால் பெற்றோருக்கெனத் தனிக் கோ-பேயும், மூட்டு மாற்றுக்கென ஒரு காலுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் இருக்கக்கூடும். உங்கள் தம்பி மனிதவளப் பிரிவிலிருந்து அந்த விதிகளின் நகலைப் பெறட்டும். இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் செய்வதா, இடைவெளி விட்டுச் செய்வதா என்பது இதயமும் சர்க்கரையும் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு; பணத்தை முன்னிட்டு அதை மாற்றக் கூடாது. ஆனால் இடைவெளி விடுவதே நல்லது என்று அவர் கருதினால், முதல் காலைக் குழுக் காப்பீட்டில் இப்போது செய்துகொண்டு, இரண்டாவதை, உங்கள் பாலிசியில் காத்திருப்புக் காலம் 36 மாதங்கள் என்றிருந்தால், அது நிறைந்த பின் செய்யலாம். ஒரே நேரத்தில் செய்வதானால் 3 லட்சமும் தீர்ந்துவிடும். மீதிக்கு உங்கள் பாலிசியிடம் போகலாம் என்றால், அந்த 36 மாதக் காத்திருப்புக் காலம் குறுக்கே நிற்கும். இரண்டு பாலிசிகள் இருக்கும்போது எதை முதலில் பயன்படுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. முதல் நிறுவனம் தீர்த்த பின், அதன் தீர்வுக் கடிதத்தையும் சான்றொப்பமிட்ட பில் நகல்களையும் வைத்து மீதியை இரண்டாவது நிறுவனத்திடம் அதன் விதிகளுக்கு உட்பட்டுக் கேட்கலாம். தம்பி வேலை மாறும் எண்ணத்தில் இருந்தால், சிகிச்சை முடியும் வரை அதைத் தள்ளிப்போட முடியுமா என்று பேசிக்கொள்ளுங்கள்; வேலையை விட்ட நாளோடு குழுக் காப்பீடும் போய்விடும். இதற்கிடையில் உங்கள் பாலிசியின் புதுப்பிப்புத் தேதியைத் தவறவிட்டு, சலுகை நாள்களும் கடந்துவிட்டால், இதுவரை சேர்த்த மாதங்கள் வீணாகும்.

சேர்வதற்கு முன் செய்யும் எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனைகளின் செலவையும், வீடு திரும்பிய பின் வாங்கும் மருந்துகளின் செலவையும் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆரோக்கிய சஞ்சீவனியில் சேர்வதற்கு முந்தைய 30 நாள்களும், பிந்தைய 60 நாள்களும் சேர்த்தி. முந்தைய செலவுகளுக்கான பில்களை வீடு திரும்பிய 30 நாள்களுக்குள்ளும், பிந்தையவற்றை அந்தச் சிகிச்சை முடிந்த 15 நாள்களுக்குள்ளும் தர வேண்டும். மருத்துவரின் சீட்டு இல்லாத பில்லுக்குப் பணம் வராது. இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கு வருவதற்கு எத்தனை நாள், எத்தனை முறை என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பாலிசி ஏற்காவிட்டால் அது முழுக்க உங்கள் செலவு, அதுவும் சில வாரங்களுக்கு நீளும் செலவு. கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் பரிசோதனைக்குச் சென்று வரும் வண்டிக் கூலி, வீட்டுக் கழிப்பறையை மேற்கத்திய முறைக்கு மாற்றுவது, துணைக்கு ஆள் வைப்பது, நீங்கள் விடுப்பு எடுப்பதால் இழக்கும் சம்பளம் ஆகியவை எந்தப் பாலிசியிலும் வராதவை. இவற்றுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்காமல் தேதி குறிக்க வேண்டாம்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. தம்பியின் வருமானம் உங்கள் குடும்ப அட்டையில் சேர்ந்திருந்தால் அது பொருந்தாது என்பதால், அதைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முழங்கால் மாற்று சிகிச்சை நடைபெறுகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தஞ்சாவூர் உங்களுக்குத் திருச்சியை விடப் பக்கம். அங்குள்ள எலும்பு மருத்துவப் பிரிவில் ஒருமுறை இரண்டாவது கருத்துக் கேட்பதற்குப் பெரிய செலவில்லை.

எல்லாம் முடிந்து தீர்வுக் கடிதம் வந்ததும், கழிவுப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பாலிசியின் எந்த விதி காரணம் என்று இருக்க வேண்டும். செயற்கை மூட்டின் மீதோ, மருந்தின் மீதோ, பரிசோதனைகளின் மீதோ விகிதாசாரக் கழிவு போட்டிருந்தால், அது தவறு; நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. மருத்துவமனை கூடுதலாக வாங்கியது என்ற புகாரை அவர் ஏற்க மாட்டார். அதை மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடமோ நுகர்வோர் ஆணையத்திலோ தர வேண்டும். எங்கு போனாலும் முதலில் கேட்பது எழுத்து மதிப்பீட்டையும் இனவாரியான பில்லையும்தான். ஆகவே சேர்க்கைக்கு முன்பே இரண்டுக்கும் ஒரு கோப்பு திறந்துவிடுங்கள்.